திருவீதியும் முற்றவெளியும்: யாழ்ப்பாணத்துப் பேரிசை அரங்குகளின் வரலாறு

இசை கேட்பதற்கென மக்கள் பல்லாயிரவராய்த் திரள்வது தமிழருக்குப் புதியதன்று. ஆயின், ஒரு பாடகர் தமது நிகழ்ச்சி ஒன்றையே நாடு நாடாகக் கொண்டு சென்று, விளையாட்டரங்குகளிற் கட்டணம் பெற்று நிகழ்த்தும் முறை அண்மைக் காலத்ததாகும். 1965 ஓகஸ்ட் 15ஆம் நாள் நியூயோர்க் நகரின் ஷே விளையாட்டரங்கிற் பீற்றில்ஸ் குழுவினர் ஏறத்தாழ 55,600 பேர் முன்னிலையிற் பாடியமை இம்முறையின் தொடக்கங்களுள் ஒன்றாகக் கொள்ளப்படுகின்றது. அதன் உச்சநிலையை அமெரிக்கப் பாடகி டெய்லர் சுவிஃப்டின் ‘ஈராஸ்’ இசைப்பயணத்திற் காணலாம். 2023 மார்ச் 17 முதல் 2024 டிசெம்பர் 8 வரை 149 நிகழ்ச்சிகளாக அது நீண்டது. ஒரு கோடிக்கு மேற்பட்டோர் அதனைக் கண்டனர். நுழைவுச்சீட்டு வருவாய் இருநூறு கோடி டொலரைக் கடந்தது. தென்னாசிய நகரெதுவும் அப்பயணத்தில் இடம்பெறவில்லை. எனினும், அம்முறையின் கூறுகளான பெருமேடை, ஒலி ஒளி ஏற்பாடு, விலைக்கேற்பப் பகுக்கப்பட்ட இருக்கைகள், வேலி ஆகியன இன்று யாழ்ப்பாணத்தையும் எட்டியுள்ளன. 2023, 2024ஆம் ஆண்டுகளில் முற்றவெளியில் நடந்த இரு நிகழ்ச்சிகள் இதற்குச் சான்றாகும். அவற்றை மதிப்பிடுவதற்கு, இம்மண்ணில் முன்னர்ப் பேரவைகள் எவ்வாறு கூடின, அவற்றைக் கூட்டியோர் யாவர் என்பனவற்றை அறிதல் வேண்டும்.

யாழ்ப்பாணத்தின் முதற் பேரிசை அரங்கு கோயிலின் வெளிவீதியே. மகோற்சவ காலத்தில் ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்தினருக்கோ தொழிற் கூட்டத்தினருக்கோ உரிய உபயமாக அமையும். தத்தம் திருவிழா ஏனையோருடையதினும் சிறத்தல் வேண்டும் என்னும் போட்டி உபயகாரரிடையே நிலவியது. சிறந்த நாதசுர, தவில் வித்துவான்களைத் தமிழகத்திலிருந்து வரவழைப்பது அப்போட்டியின் ஒரு கூறாயிற்று. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே தொடங்கிய நீராவிக்கப்பற் சேவை இப்போக்குவரத்தை எளிதாக்கியது. திருவாவடுதுறை இராஜரத்தினம்பிள்ளை போன்ற பெருங்கலைஞரின் வாசிப்பை யாழ்ப்பாணத்தவர் வீதி மணலில் இருந்தவாறே கேட்டனர். கோயிலைச் சூழ்ந்து கச்சான் கடைகள் எரிய, கச்சேரி விடியும்வரை நீண்டது. கேட்போரிடம் எவரும் சீட்டுக் கேட்டிலர்.

இப்பயணம் ஒருவழிப் பாதையன்று என்பதும் ஈண்டு நோக்கத்தக்கது. இணுவிலும் அளவெட்டியும் தமக்கெனச் சிறந்த இசை மரபுகளை வளர்த்திருந்தன. இணுவிலிற் பிறந்த தவில் மேதை வி. தட்சிணாமூர்த்தி (1933–1975) தமிழகம் சென்று, காருகுறிச்சி அருணாசலம், நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன் முதலியோரின் நாதசுரத்துக்கு வாசித்துப் பெரும்புகழ் பெற்றார். வந்தவரை வியந்து கேட்ட அதே வீதியே செல்லவல்லாரையும் உருவாக்கியது. வெளியூர்க் கலைஞரோடு உள்ளூர்க் கலைஞர் ஒரே பந்தலில் அமர்ந்து வாசித்தமை அதற்கு ஒரு காரணமாகும்.

இவ்வமைப்பின் தலையாய இயல்பு, கேட்போர் விருந்தோம்புவோராயும் இருந்தமையே. கலைஞரை அழைத்தவர் யார், அவருக்கு உணவளித்தவர் யார், கூட்டத்தில் இடர் நேரின் வினவப்படவேண்டியவர் யார் என்பன ஊரார் அனைவரும் அறிந்தவை. ஆயினும் இதனை மிகைபடப் போற்றுதல் வரலாற்று நேர்மையாகாது. ‘ஊரார்’ என்ற அச்சொல் எல்லாரையும் உள்ளடக்கவில்லை. ஒடுக்கப்பட்ட சாதியினர் பலர் நெடுங்காலம் அவ்விசையைத் தொலைவில் நின்றே கேட்கவேண்டியிருந்தது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில் எழுந்த ஆலயப் பிரவேசப் போராட்டம் அவ்வேலியின் வலிமையை உணர்த்தியது. கண்ணுக்குப் புலப்படாத வேலியும் வேலியே.

சாதி கேளாத அரங்கொன்றின் தேவையை ஓரளவு நிறைவுசெய்தவை இலங்கை வானொலியும் 1960களின் பிற்பகுதியில் எழுந்த பொப்பிசையும் ஆகும். உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் கிற்றார் இசையுடன் அன்றாடப் பேச்சுமொழியிற் பாடிய பாடல்கள் மாணவரிடையே விரைந்து பரவின. ஏ. ஈ. மனோகரன் ‘சுராங்கனி’ பாடலைத் தமிழகம் வரை கொண்டு சென்றார். போர்த்துக்கேயர் காலத் தொடர்பினின்று வளர்ந்த பைலாத் தாளமும் யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழும் இப்பாடல்களில் இணைந்தன. சென்னையில் 2018இல் மறையும்வரை மனோகரன் ‘பொப்பிசைச் சக்கரவர்த்தி’ என்றே அழைக்கப்பட்டார். ஈழத்தமிழரிடையே தோன்றிய பொப் நட்சத்திரம் என அவரைத் தயங்காது கூறலாம்.

இவ்வளர்ச்சி தடைப்பட்டமைக்கான காரணங்கள் இசைக்குப் புறம்பானவை. நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நாளாகிய 1974 சனவரி 10 அன்று, முற்றவெளியை அடுத்துள்ள வீரசிங்கம் மண்டபத்தின் முன் மக்கள் பெருந்திரளாய்க் கூடினர். காவற்றுறையினரின் நடவடிக்கையின்போது மின்கம்பி அறுந்து வீழ்ந்து பலர் உயிரிழந்தனர். பின்னர் வந்த போர்க்காலத்திற் கப்பற் சேவை நின்றது. 1990இல் புகையிரதமும் மின்சாரமும் நின்றன. துவிச்சக்கரவண்டியின் டைனமோவைச் சுழற்றி, அம்மின்னோட்டத்தில் வானொலி கேட்ட தலைமுறை ஒன்று தோன்றியது. பேரவை கூடிய ஊரில் இசை கேட்டல் ஒரு வீட்டின் முற்றத்தளவிற்குச் சுருங்கியது.

அதே காலத்திற் புலம்பெயர்ந்தோர் ரொறன்ரோ, இலண்டன், பாரிஸ், சூரிச் முதலிய நகரங்களிற் குடியேறினர். தமிழகத் திரையிசைக் கலைஞரின் வெளிநாட்டுப் பயணங்களில் இந்நகரங்கள் நிலையான இடம்பெற்றன. யாழ்ப்பாணத்துக்கு வர இயலாத இசைப்பயணம் யாழ்ப்பாணத்தார் சென்ற இடங்களுக்குச் சென்றது எனலாம். அவ்வாறு சென்றோருள் ஒருவரே உலக மேடையும் ஏறினார். இலண்டனிற் பிறந்து குழந்தைப் பருவத்தை யாழ்ப்பாணத்திற் கழித்த மாதங்கி அருள்பிரகாசம், ‘எம்.ஐ.ஏ.’ என்னும் பெயரிற் பாடகியாகி, 2012 பெப்ரவரி 5 அன்று அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் விளையாட்டரங்கில் மடோனாவுடன் தோன்றினார். ஈழத்தமிழர் விளையாட்டரங்கிசையைப் பாடவும் கேட்கவும் கற்றது தாயகத்துக்கு வெளியிலேயே.

போர் முடிந்த பின்னர் வழிகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. 2014இற் புகையிரதம் மீண்டது. 2016 யூன் 18 அன்று இந்திய உதவியுடன் புதுக்கப்பெற்ற துரையப்பா விளையாட்டரங்கு திறக்கப்பட்டது. 2019இற் பலாலி பன்னாட்டு விமான நிலையமாயிற்று. 2023 ஒக்டோபர் 14 அன்று நாகபட்டினம்–காங்கேசன்துறைக் கப்பற் சேவை தொடங்கியது. அதற்கு ஒரு கிழமையின் பின், ஒக்டோபர் 21 அன்று, இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனின் ‘யாழ் கானம்’ நிகழ்ச்சி முற்றவெளியிற் கட்டணமின்றி நடைபெற்றது. பெருந்திரளானோர் அங்குக் கூடினர். 1987இல் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிற் படுகொலை நிகழ்ந்த நாளும் ஒக்டோபர் 21 ஆகும். இசைப்பயணத்தின் நாட்காட்டி கலைஞரின் ஓய்வையும் விமானப் பயணத்தையும் கொண்டு கணிக்கப்படுவது. ஓர் ஊரின் நாட்காட்டியோ திருவிழாவையும் துயரையும் கொண்டு அமைவது. இரண்டும் ஒரே மண்ணிற் சந்தித்தன.

2024 பெப்ரவரி 9 அன்று பாடகர் ஹரிகரனின் நிகழ்ச்சி அதே வெளியில் நடைபெற்றது. கட்டணம் செலுத்தியோர் மேடைக்கு அண்மையிலும் ஏனையோர் பின்னாலும் தடுப்புகளாற் பிரிக்கப்பட்டிருந்தனர். எதிர்பார்ப்பை விஞ்சிய கூட்டம் தடுப்புகளைக் கடந்து முன்னேறியது. நிகழ்ச்சி இடைநின்று, காவற்றுறையினர் தலையிட்ட பின்னரே தொடர்ந்தது. இதனைக் கண்டு யாழ்ப்பாணத்து இளைஞரின் ஒழுக்கம் குன்றிற்று எனப் பலரும் வருந்தினர். ஆயின் 2023 செப்ரெம்பர் 10 அன்று சென்னையில் ஏ. ஆர். ரகுமானின் நிகழ்ச்சியில், நுழைவுச்சீட்டு வாங்கியோரே உட்புக இயலாது நெரிசலில் அல்லலுற்றனர். எனவே இக்குறையை ஓர் ஊரின் பண்புக்குறையாகக் கொள்ளல் பொருந்தாது; அமைப்பின் குறையாகவே கொள்ளல் தகும்.

திருவீதியில் நெருக்கம் மிகுந்தபோது எவரும் எத்திசையிலும் விலகிச் செல்லலாம். வேலியிட்ட வெளியில் அது இயலாது. வீதியிற் கூட்டத்துக்குப் பொறுப்பானவர் அக்கூட்டத்திற்குள்ளேயே நின்றார். இசைப்பயணத்தில் அவர் மேடைக்குப் பின்னால் நிற்கின்றார், நிகழ்ச்சி முடிந்ததும் அடுத்த நகருக்குச் செல்கின்றார். மேலும், தடுப்புக்குப் பின்னால் நின்றவரிற் பலர் இத்தகைய மேடையை முதன்முறையாகக் கண்ட இளைஞர். வெளிநாட்டிலுள்ள உறவினர் பலகாலும் கண்ட காட்சி தம் ஊருக்கு வந்தபோதும் அதனைத் தொலைவிலிருந்தே காண வேண்டியிருந்தமை அவர்களுக்கு எளிதில் ஏற்கத்தக்கதாய் இருந்திராது. பழைய வீதியில் அத்தொலைவைச் சாதி அளந்தது; புதிய வெளியிற் பணம் அளக்கின்றது.

ஆதலின் பழைய வீதிக்கு மீளுதல் இயலாததும் வேண்டப்படாததும் ஆகும். இசைப்பயணங்களைத் தடுத்தலும் தீர்வன்று. நாற்பதாண்டுக் காலம் தனித்திருந்த மக்கள் உலகத்தாரோடு ஒருங்கிருந்து பாட்டுக் கேட்க விரும்புவது இயல்பே. ஆயின், வருவோரை அழைக்கும் உரிமையும் கூடுவோரைக் காக்கும் கடமையும் ஒருவரிடமே இருத்தல் வேண்டும் என்பது உபய முறை விட்டுச்சென்ற பாடமாகும். போதிய வழிகளைத் திறந்துவைத்தல், இம்மண்ணின் நினைவு நாள்களை அறிந்து நாள் குறித்தல், உள்ளூர்க் கலைஞருக்கு அதே மேடையில் இடமளித்தல் ஆகியன விருந்தோம்புவோர் செய்யத்தக்கன. தட்சிணாமூர்த்தி தமிழகத்துக்குத் தவிலை எடுத்துச் சென்றது வெறும் பார்வையாளர் கூட்டத்திலிருந்தன்று. வந்தவரோடு தன் கலைஞரையும் ஒருங்கே அமர்த்திய வீதியிலிருந்தே. முற்றவெளி அத்தகைய இடமாகுமா, அன்றிப் பயணப் பட்டியலில் ஒரு நிறுத்தமாய் மட்டும் அமையுமா என்பது யாழ்ப்பாணத்தார் அதனை எவ்வாறு நடத்துகின்றனர் என்பதிலேயே தங்கியுள்ளது.