பாரத் தங்கச் சுரங்க நிறுவனம்: மீட்பு நிதி விவாதம்

கர்நாடக மாநிலம் கோலார் தங்க வயலில் இயங்கிவந்த பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்துக்கு மத்திய அரசு மீட்பு நிதி, அதாவது நலிந்த நிறுவனம் முடங்காதிருக்க அரசு அளிக்கும் கடன், மானியம் அல்லது பங்கு முதலீடு, தொடர்ந்து வழங்க வேண்டுமா என்ற விவாதம் 1990களில் வலுத்தது. 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற பிரித்தானிய நிறுவனத்தின் மேலாண்மையில் வந்து, வட ஆற்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து குடியேறிய தமிழ்த் தொழிலாளரின் உழைப்பால் வளர்ந்த இச்சுரங்கங்கள், 1956இல் மைசூர் அரசுடைமையாகி, 1962இல் மத்திய அரசின் கைக்கு மாறி, 1972இல் பொதுத்துறை நிறுவனமாயின.

நட்டத்துக்குப் பொறுப்பு யாருடையது என்பதிலேயே இரு தரப்பும் முரண்பட்டன. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிவிட்ட சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வெப்பத்தைத் தணிக்கவும் பாறை வெடிப்புகளைத் தாங்கவும் செலவு ஏறிக்கொண்டே போக, தொடக்கத்தில் டன்னுக்கு 40 கிராமுக்கு மேலிருந்த பொன்னின் அளவு சில கிராம்களாகச் சுருங்கியதை மூடல் தரப்பினர் சுட்டினர். வெளிச்சந்தையில் தங்கம் கூடுதல் விலை போன காலத்தில், அவுன்சுக்கு 35 டாலர் என்ற பன்னாட்டு அதிகாரபூர்வ விலைக்கே அரசு இங்குள்ள தங்கத்தைப் பெற்றுக்கொண்டதைத் தொழிற்சங்கங்கள் எடுத்துக்காட்டின. இவ்வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. மலிவாக வாங்கிய அரசே பின்னர் கொடுத்த பணத்தைச் சலுகை என்று மட்டும் கணக்கிட முடியாது. எனினும், பழைய பாக்கியைத் தீர்ப்பதால் பாறையில் பொன் கூடிவிடாது என்பதும் உண்மையே. 2008–09இல் அமெரிக்க அரசு ஏறத்தாழ 8,000 கோடி டாலர் அளித்த ஜெனரல் மோட்டார்ஸ், கிறைஸ்லர் முதலிய வாகனத் துறை நிறுவனங்களால் ஆலைகளைக் குறைத்தும் விற்பனைக்கேற்ற வண்டிகளைத் தயாரித்தும் மீள முடிந்தது. தீர்ந்துவரும் சுரங்கத்துக்கு அத்தகைய வாய்ப்பு மிகக் குறைவு.

நலிவுற்ற நிறுவனங்களின் மறுவாழ்வை அப்போது தீர்மானித்துவந்த அமைப்பான தொழில் மற்றும் நிதி மறுசீரமைப்பு வாரியத்திடம் 1992இல் சென்ற இவ்வழக்கில், நிறுவனத்தைக் கலைக்கலாம் என்று 2000இல் அது பரிந்துரைத்தது. தொழில் தகராறுச் சட்டத்தின்படி அனுமதி பெற்று 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் பூசல் சொத்துகளின் விற்பனை, முன்னாள் தொழிலாளரின் உரிமை, அவர்கள் குடியிருக்கும் வீடுகள் ஆகியவற்றின் மீது திரும்பி, உச்ச நீதிமன்றம் வரை நீண்டது. உலகளாவிய ஏலத்துக்கு அந்நீதிமன்றம் 2013இல் வழிவிட்டது. நிலத்தடிச் சுரங்கங்கள் கைவிடப்பட்ட நிலையில், தாது அரைத்துக் கொட்டிய சயனைடு மண்மேடுகளில் எஞ்சியுள்ள தங்கத்தைப் பிரித்தெடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024இல் ஒப்புதல் அளித்தது.