மச்சமும் தழும்பும்

பட்டா நிலம் வைத்திருந்த குடும்பத்துக்குப் பாட்டன் பூட்டனைத் தேடுவது பெரிய வேலையில்லை. பரணில் பத்திரக்கட்டு கிடக்கும், ஜாதக ஓலை கிடக்கும். சர்க்காரிடம் செட்டில்மெண்ட் பதிவேடு இருக்கும். நிலமே இல்லாதவனுக்கு? 1871-ல் சென்னை மாகாணத்தில் மக்கள்தொகைக் கணக்கு எடுத்தார்கள். தலையை எண்ணியதோடு சரி. வீடுவீடாக எழுதிய தாள்களை யாரும் காத்து வைக்கவில்லை. பண்ணையாள் ஒருவன் பிறந்து, உழைத்து, செத்துப் போனதற்குப் பெரும்பாலும் ஊரில் துண்டுக் காகிதம்கூட மிஞ்சுவதில்லை.

அதே பண்ணையாள் கப்பலேறியிருந்தால், அவன் உடம்பிலிருந்த தழும்புகூட இன்று நமக்குத் தெரியும்.

1860 அக்டோபரில் சென்னையிலிருந்து கிளம்பிய 'ட்ரூரோ' கப்பல், நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதில் வந்த 342 பேர்தான் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கான முதல் ஒப்பந்தக் கூலிகள். 1911-ல் இந்த ஆள்கடத்தல் (வேறு என்ன சொல்வது?) நிற்பதற்குள் 1,52,184 பேர் போய்ச் சேர்ந்திருந்தார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியாகப் போனவர்கள். ஒவ்வொருவருக்கும் பேரேட்டில் ஒரு வரி: காலனி எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, ஊர், அங்க அடையாளம். இது அக்கறையால் எழுதியதல்ல. மாதம் 10 ஷில்லிங்கில் தொடங்கும் கூலிக்கு ஐந்தாண்டு கைநாட்டு வைத்தவன் சீட்டில்லாமல் தோட்டத்தைத் தாண்டினால் குற்றவாளி. அவனை அடையாளம் காட்ட மச்சமும் தழும்பும் வேண்டியிருந்தன.

அந்த எண் ஆளை விடவில்லை. கல்யாணத்தைப் பதிவதற்கும், பிள்ளை பிறப்பை எழுதுவதற்கும், சாவைச் சொல்வதற்கும் அதையே கேட்டார்கள். அதனால்தான் டர்பன் தமிழ்க் குடும்பங்களில் கொள்ளுத்தாத்தாவைத் தேடுகிறவர்கள் முதலில் தேடுவது அவருடைய எண்ணை. பழைய கல்யாணச் சான்றிதழிலோ ஒப்பந்த விடுதலைச் சீட்டிலோ அது அகப்பட்டால் கப்பல் பட்டியலுக்கு வழி திறந்துவிடும். இந்தப் பட்டியல்களை வைத்தே சுரேந்திர பானா என்ற வரலாற்றாசிரியர் 1991-ல் ஒரு நூல் எழுதினார். இப்போது அவற்றைக் கணினியிலும் பார்க்க முடிகிறது.

எண் இல்லாவிட்டால் பாடு திண்டாட்டம்தான். பெயரை நம்பித் தேட முடியாது. காதில் விழுந்ததை ஆங்கில எழுத்தில் எழுதினார் குமாஸ்தா. முனுசாமி மூன்சாமியானார். முதலியார் மூட்லியானார். கவுண்டர்தான் கவெண்டர் ஆனார் என்பது பரவலாகச் சொல்லப்படுவது. குடும்பப் பெயர் என்ற வழக்கமே இல்லாத மக்களிடம் குடும்பப் பெயர் கேட்டதால், ஒருவருக்குச் சாதிப் பட்டமும் இன்னொருவருக்கு அப்பன் பெயரும் ஒட்டிக்கொண்டன. சாதிக் கட்டமும் சில சமயம் கைவிடும். தொடக்ககாலப் பட்டியல்களில் பலருக்கு நேரே 'மலபார்' என்று மட்டும் இருக்கும். கேரளத்தைத் தேடிப் போக வேண்டாம்; அன்றைய வெள்ளைக்காரர் தமிழரையே அப்படித்தான் அழைத்தார்கள்.

ஜில்லாவும் ஏமாற்றும். பட்டியலில் அடிக்கடி வரும் பெயர் வட ஆற்காடு. 1911-ல்தான் சித்தூர் தனி ஜில்லாவாகப் பிரிந்தது. ஆகவே அந்தப் பெயரைக் கண்டதும் வேலூர்ப் பக்கம் மட்டும் அலைந்தால் போதாது. தேடும் ஊர் இன்று ஆந்திரத்தில் இருக்கலாம்.

பேரேட்டு வரி ஆளின் உடம்பைச் சொல்லும், அவன் பட்ட பாட்டைச் சொல்லாது. அதற்குப் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்திலுள்ள குடியேறிகள் பாதுகாவலர் அலுவலகக் கோப்புகளைப் புரட்ட வேண்டும். அடி, பிடித்தம் செய்த கூலி, பிரிந்துபோன மனைவி என்று மனுக்கள் அதில் இருக்கின்றன. முதலாளி அடித்ததில் முன்பற்கள் இரண்டு உடைந்து, தலைப்பாகையைக் கையில் பிடித்தபடி 1894-ல் காந்தியிடம் வந்து நின்ற பாலசுந்தரத்தை உலகம் அறியும். காந்தி அதை எழுதி வைத்தார். மற்றவர்களுக்கு அந்தக் கோப்புகள்தான் உண்டு.

கடைசி முடிச்சு ஊர்ப் பெயர். ஆங்கிலத்தில் 'ழ' கிடையாது, 'ள'வும் 'ல'வும் ஒன்று. டர்பனில் உட்கார்ந்து அதை அவிழ்க்க முடியாது. சுற்றுப்பட்டுக் கிராமங்களைத் தெரிந்தவர் காதுக்குத்தான் அது பிடிபடும். ஆற்காடு, சித்தூர்ப் பக்கத்துத் தெருவில் யாராவது ஒருவர் கையில் நகல் தாளோடு, தமிழும் சரியாக வராமல் தயங்கி நின்றால், ஊரிலேயே வயதான கிழவியிடம் அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.