கண்ணளவுக் குருதி

அறுவை அரங்கில் நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், ஆக்சிஜன் செறிவு ஆகியவற்றைக் கருவிகள் எண்களாகக் காட்டுகின்றன. சிகிச்சை முடிந்தபின் எழுதப்படும் குறிப்பில் இரத்த இழப்புக்கென்றும் ஒரு வரி உண்டு. அந்த எண் மட்டும் பெரும்பாலும் கண்ணிலிருந்து வருகிறது. ‘ஈ.பி.எல்.’ என்னும் ஆங்கிலச் சுருக்கத்தின் முதலெழுத்தே இதை ஒப்புக்கொள்கிறது: அது மதிப்பிட்ட இழப்பு, அளந்த இழப்பு அன்று. தமிழிலும் இவை வெவ்வேறு வினைகள். அளக்கப் படியோ கோலோ தராசோ வேண்டும். மதிப்பிட ஓர் ஆள் போதும். அளக்கும் வழி கிடைத்து நூறாண்டு ஆன பிறகும் மருத்துவம் ஏன் மதிப்பீட்டை விடவில்லை?

முதலில், அளக்க வேண்டிய தேவையே வலுவாக உணரப்படவில்லை. அறுவையின்போதும் காயத்தின்போதும் இரத்த அழுத்தம் சரிந்து உயிர் போகும் ‘ஷாக்’ நிலைக்கு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜார்ஜ் கிரைல் நரம்பு மையங்களின் களைப்பைக் காரணமாகச் சொன்னார். முதல் உலகப் போர்க் காலத்தில் வால்டர் கேனனும் வில்லியம் பேலிஸும் நசுங்கிய தசையிலிருந்து பரவும் நச்சுப்பொருளைச் சுட்டினர். இரத்தப்போக்கு ஆபத்தானது என்பதை எவரும் மறுக்கவில்லை. ஆயினும் கேட்டின் வேர் நரம்பிலோ நச்சிலோ இருக்குமானால், எத்தனை மில்லிலிட்டர் போயிற்று என்று கணக்கெடுப்பதில் அவசரம் இராது. 1930இல் ஆல்பிரட் பிளேலாக் நாய்களின் அடிபட்ட காலையும் அடிபடாத காலையும் எடைபோட்டு ஒப்பிட்டார். காயத்தில் தேங்கிய குருதியும் நீர்மமுமே அழுத்தச் சரிவை விளக்கப் போதும் என்று அவர் காட்டிய பிறகுதான் அந்தக் கணக்குக்குக் கோட்பாட்டு மதிப்பு கிடைத்தது.

அளவை அதற்கு ஆறாண்டு முன்பே வந்திருந்தது. அமெரிக்காவின் இண்டியானாவைச் சேர்ந்த வில்லிஸ் கேட்ச், தலைப்பக்கமும் முழங்காற்பக்கமும் உயர்த்தக்கூடிய மருத்துவமனைக் கட்டிலால் இன்றும் அறியப்படுபவர். அவரும் லிட்டில் என்பவரும் 1924இல், வழக்கமான அறுவைகளில் எவ்வளவு இரத்தம் போகிறது என்ற ஆய்வை வெளியிட்டனர். முறை ஏறக்குறைய சலவைத்தொழில்தான். இரத்தம் ஊறிய துணிகளையெல்லாம் நீரில் அலசி, அந்நீரிலுள்ள ஹீமோகுளோபினை அமிலத்தால் பழுப்பு நிறப் பொருளாக மாற்றி, அதே நோயாளியின் இரத்த மாதிரியின் நிறத்தோடு ஒப்பிட்டுக் கணக்கிட்டனர். முறையில் நுட்பம் இருந்தது, வேகம் இல்லை. அலசி முடித்து எண் வருவதற்குள் நோயாளி அரங்கைவிட்டுப் போயிருப்பார்.

1942இல் மின்னசோட்டாவின் ஓவன் வாங்கன்ஸ்டீன் விவரித்த முறை இதனினும் எளியது. காஸ் துணியை உலர்ந்த நிலையில் ஒருமுறையும் நனைந்தபின் ஒருமுறையும் நிறுக்க வேண்டும். குருதி நீரைவிடச் சற்றே கனமானது. ஆகவே கூடிய ஒவ்வொரு கிராமையும் ஏறக்குறைய ஒரு மில்லிலிட்டராகக் கொள்ளலாம். ஒரு தராசு போதும். இடர்ப்பாடுகள் வேறிடத்தில் இருந்தன. துணியை உடனே நிறுக்காவிட்டால் ஈரம் ஆவியாகும். வயிற்றைக் கழுவிய உப்புநீரும் சேர்ந்து நிற்கும். கையுறையிலும் தரையிலும் நோயாளியின் முதுகுக்கடியிலும் போனது தராசுக்கு வராது. நிறுப்பதற்கென்று ஒரு கை கூடுதலாக வேண்டும். இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது: மதிப்பிடுபவர் பல வேளைகளில் அறுத்தவரே. குறைந்த இழப்பு கைத்திறனின் சான்றாகக் கருதப்படும் தொழிலில் அவர் தம் வழக்கில் தாமே சாட்சியாகிறார். ‘மினிமல்’ என்ற பெயரடை எண்ணின் இடத்தில் வந்து அமர்வது தற்செயல் ஆகாது.

கண்ணின் பிழைக்கு ஒரு போக்கு உண்டு. சிறிய இழப்பைக் கூட்டியும் பெரிய இழப்பைக் குறைத்தும் சொல்வது பல ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் காணப்பட்டுள்ளது. அதாவது, ஆபத்து மிகும் இடத்திலேயே அது ஆறுதல் சொல்கிறது.

அறுவையும் பேறும் சந்திக்கும் சிசேரியனில் இது நன்றாகப் புலப்பட்டது. 1962இல் பிரிட்சர்டும் உடன் ஆய்வாளர்களும் கதிரியக்கக் குரோமியத்தால் அடையாளமிட்ட சிவப்பணுக்களைக் கொண்டு இழப்பைக் கணக்கிட்டனர். இயல்பான பேற்றில் சராசரியாக ஏறத்தாழ 500 மி.லி., சிசேரியனில் ஏறத்தாழ 1000 மி.லி. வந்தது. ‘அபாய எல்லை’ என்று பாடநூல்கள் வைத்திருந்த 500 மி.லி. உண்மையில் சராசரியாகவே இருந்தது. கண்ணளவு குறைவாகச் சொல்லிவந்ததால் அது எல்லை போலத் தோன்றியிருந்தது.

அந்தக் கண்ணளவுக்கு எளிய மாற்று ஒன்று கர்நாடகத்தில் உருவானது. பெலகாவி மாவட்டத்தில், மிசோபிரோஸ்டால் மாத்திரை பேற்றுக்குப் பிந்தைய இரத்தப்போக்கைத் தடுக்குமா என்று 1620 பெண்களிடம் ஆராயப்பட்டது. துணைச் செவிலியர்களே பேறு பார்த்தனர். விளைவைக் கண்ணளவுக்கு விட்டால் ஆய்வே நிற்காது. ஆகவே தாயின் இடுப்புக்கடியில் விரிக்கும் நெகிழித்தாளின் நுனியில், அளவுக்கோடுகள் இட்ட கூம்புவடிவப் பை ஒன்றைப் பொருத்தினர். 2006இல் முடிவுகள் வெளிவந்தன: மாத்திரை பெறாதவரில் 12 விழுக்காடாக இருந்த இரத்தப்போக்கு, பெற்றவரில் 6.4 விழுக்காடு. அதே ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வில், கண்ணால் மதிப்பிட்ட அளவு பையில் அளந்ததைவிட 33 விழுக்காடு குறைந்திருந்தது. தராசும் வேதிப்பொருளும் வேண்டாத இந்தப் பையில் குருதி சேரச்சேரவே எண் தெரியும். 1924இன் முறைக்கு இல்லாதிருந்தது இதுவே.

கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளில் 80 மருத்துவமனைகளை உட்படுத்தி நடந்த பெரும் ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளியாயின. அதிலும் அளவுக்கோடிட்ட விரிப்பே பயன்பட்டது. வழக்கமான முறையில் இரத்தப்போக்கு பாதியளவே, 51.1 விழுக்காடே, கண்டறியப்பட்டது; விரிப்புள்ள இடங்களில் 93.1 விழுக்காடு. கடும் இரத்தப்போக்கு, அதற்காக வயிற்றைத் திறத்தல், இறப்பு ஆகியவை சேர்ந்து 4.3 விழுக்காட்டிலிருந்து 1.6ஆக இறங்கின. இப்பெருமை விரிப்புக்கு மட்டும் உரியதன்று. கண்டவுடன் எல்லாச் சிகிச்சைகளையும் ஒருசேரத் தொடங்கும் ஏற்பாடும் அதனுடன் இருந்தது. ஆனால் காணாததற்கு எவரும் சிகிச்சை தொடங்குவதில்லை.

அந்த ஆய்வு இயல்பான பேறுகளை மட்டுமே எடுத்துக்கொண்டது. சிசேரியன் மேசையில் பனிக்குட நீரும் குருதியும் ஒரே உறிஞ்சு புட்டியில் கலந்து இறங்குகின்றன. புட்டியில் அளவுக்கோடு உண்டு. அதில் நீர் எவ்வளவு என்று கழிப்பது இன்றும் பெரும்பாலும் கண்ணின் வேலை.