மண்டபம் முகாமும் கொக்கிப்புழு ஆய்வும்

இராமேசுவரம் செல்லும் இருப்புப்பாதையில் 'மண்டபம் கேம்ப்' என்றொரு நிலையம் உண்டு. அதனைக் கடந்து செல்வோருள் அப்பெயர் எதன் எச்சம் என்பதை அறிந்தோர் சிலரே. இலங்கை அரசு இந்திய மண்ணில் நடத்திவந்த தொற்றுத்தடுப்பு முகாமின் பெயரே அது.

இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குச் சென்ற தமிழகத் தொழிலாளர் 19ஆம் நூற்றாண்டில் மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்தனர். வாந்திபேதியும் பசியும் வழிநெடுகப் பலரைப் பலிகொண்டன. அந்நோய் தோட்டங்களுக்குள்ளும் புகவே, கடல் கடக்குமுன்பே ஆட்களைத் தடுத்து வைத்துச் சோதிக்கும் முறை வந்தது. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியபின் அப்பணிக்கு மண்டபமே வாயிலாயிற்று. செங்கடலின் கமரான் தீவில் 1882 முதல் ஹஜ் பயணிகள் பட்ட பாட்டை முன்னோர் கூறக் கேட்டவர்கள், மண்டபத்தின் நடைமுறையை எளிதில் உணர்வர்.

ஆயின் மண்டபத்தில் நிகழ்ந்தவற்றுள் நம் கவனத்திற்குரியது வேறொன்று. கெய்ரோ மருத்துவப் பள்ளியில் பணியாற்றிய ஜெர்மானிய அறிஞர் ஆர்தர் லூஸ், கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் தற்செயலாகத் தம் கைமீது சிந்தியதிலிருந்து, அவை தோல்வழியே உடலுள் புகுவதைக் கண்டறிந்து 1898இல் வெளிப்படுத்தினார். மலம் கலந்த ஈரமண்ணில் வெறுங்காலுடன் நடப்பவருக்கு இந்நோய் வருவதன் காரணம் அதனால் விளங்கிற்று. குடலில் தங்கிக் குருதியை உறிஞ்சும் அப்புழு ஆளை மெல்ல மெல்ல வெளிறச் செய்யும். கங்காணி சோம்பல் என்று ஏசியது பலரிடத்தில் சோகையாகவே இருந்தது.

1916இல் ராக்பெல்லர் நிறுவனத்தார் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் ஒழிப்புப் பணியைத் தொடங்கினர். பின்னர் மண்டபத்திலேயே ஆட்களுக்குப் புழுமருந்து புகட்டப்பட்டது. மருந்துண்டு போனவர்களோ லயங்களில் மீண்டும் நோயுற்றனர். கழிப்பிடம் கட்டாமல் பயனில்லை என்று ஆய்வாளர் வலியுறுத்தினர். செலவுக்கு அஞ்சித் தோட்ட முதலாளிகள் பலர் தயங்கினர். ஆய்வு சொன்னதில் மலிவான பாதியை மட்டும் அவர்கள் ஏற்றனர் என்றே கூறத் தோன்றுகிறது. (ஈழத்துக்கு மரக்கலம் விட்ட வணிகரை விரித்தெழுதும் நம் வட்டார வரலாற்றாசிரியர், இத்தொழிலாளரை ஓரிரு வரியில் கடந்துவிடுவது வருந்தத்தக்கது.)

1939இல் கூலித் தொழிலாளர் இலங்கை செல்வதை இந்திய அரசு தடைசெய்தது. 1964 ஒப்பந்தத்திற்குப் பின் தாயகம் திரும்பியவர்களையும், 1983க்குப் பின் வந்த ஏதிலியரையும் எதிர்கொண்டு தங்கவைத்தது அதே மண்டபம் முகாம்தான்.