பெருந்தொற்றுக்குப் பின் நகர மையத்தின் மீட்சி: பம்பாய் மேம்பாட்டு டிரஸ்ட், 1896–1933

ஆய்வுச் சுருக்கம்

1896ஆம் ஆண்டில் பம்பாயில் பரவிய பிளேக் நோய் அந்நகரின் வணிக மையத்தையும் அதை ஒட்டிய நெரிசலான குடியிருப்புகளையும் நிலைகுலையச் செய்தது. நகரை மீட்கும் பொருட்டு 1898இல் உருவாக்கப்பட்ட பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட், இந்திய நகர்த் திட்ட வரலாற்றின் முன்னோடி அமைப்புகளுள் ஒன்றாகும். வணிகம், நகர அமைப்பு, உழைப்பாளர் உறைவிடம் ஆகிய மூன்றும் மீண்ட வேகம் ஒன்றாக இருக்கவில்லை என்பதையும், அந்த வேறுபாட்டுக்கான காரணங்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பம்பாய், பிளேக், மேம்பாட்டு டிரஸ்ட், நகர்த் திட்டமிடல், சால் குடியிருப்பு, மாட்டுங்கா, தாராவி.

முன்னுரை

ஒரு நகரம் கொள்ளைநோயிலிருந்து மீண்டது என்று கூறும்போது அதற்கான அளவுகோல் யாது என்னும் வினா எழுகிறது. துறைமுகத்தில் கப்பல்கள் மீண்டும் நங்கூரமிடுவதா, கடைவீதியில் கூட்டம் சேர்வதா, வெளியேறியவர் திரும்பி வருவதா, திரும்பி வந்தவருக்கு முன்பைவிட நல்ல இருப்பிடம் கிடைப்பதா? இவை அனைத்தையும் ‘மீட்சி’ என்னும் ஒரே சொல் சுட்டுகிறது. ஆயினும் இவை ஒருசேர நிகழ்வதில்லை. ஒன்று நிகழ்வதற்காக மற்றொன்று பின்தள்ளப்படுவதும் உண்டு. இதனைத் தெளிவாகக் காட்டும் வரலாற்றுச் சான்றாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பம்பாய் விளங்குகிறது.

நோயும் நகர மையமும்

1894இல் ஹாங்காங்கில் கடுமையாகப் பரவிய பிளேக், கடல் வணிகப் பாதைகளின் வழியே உலகின் பல துறைமுகங்களை அடைந்தது. பம்பாயில் 1896 செப்டம்பரில் மாண்ட்விப் பகுதியில் அந்நோயை மருத்துவர் அகாசியோ கேப்ரியல் வியேகாஸ் கண்டறிந்தார். நோய் மாண்ட்வியில் தலைகாட்டியது தற்செயலானதன்று. 1880இல் திறக்கப்பட்ட பிரின்ஸ் கப்பல்துறையை ஒட்டி அமைந்த அப்பகுதியில் தானியக் கிடங்குகள் நிறைந்திருந்தன. தரைத்தளத்தில் கிடங்கும் மேல்தளங்களில் குடித்தனங்களுமாக அமைந்த கட்டடங்களில் எலிகளும் மனிதரும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தனர். மாண்ட்வி, டோங்ரி, காலபாதேவி, நாக்பாடா முதலிய பகுதிகள் நகரின் மொத்த வணிகத்திற்கு நிலைக்களன்களாகவும் அவ்வணிகத்தில் உழைத்தோரின் வாழிடங்களாகவும் ஒருங்கே இருந்தன.

1891ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி பம்பாயின் மக்கள்தொகை 8,21,764. நோய் பரவிய சில திங்களுக்குள், 1897இன் தொடக்கத்தில், ஏறத்தாழ 3,80,000 பேர் நகரை விட்டு வெளியேறியதாக மதிப்பிடப்பட்டது. ஆலைகளில் தறிகளும் கதிர்களும் ஆளின்றி நின்றன. எஞ்சிய தொழிலாளர்களைப் பெற ஆலைகள் ஒன்றோடொன்று போட்டியிட்டன. தெருமுனைகளிலேயே கூலி பேசி ஆளெடுக்கும் நிலை உருவாயிற்று. மாதக் கூலியை நிலுவையில் வைத்துத் தொழிலாளரைக் கட்டுப்படுத்தி வந்த ஆலை உரிமையாளர்கள், அன்றாடக் கூலி வழங்கும் கட்டாயத்திற்கு உள்ளாயினர். நோயின் அச்சத்திடையே தொழிலாளருக்குக் கிட்டிய இப்பேரவலிமை நீடிக்கவில்லை. எனினும், நகர மையத்தின் இயக்கம் யாருடைய இருப்பைச் சார்ந்திருந்தது என்பதை அது வெளிப்படுத்தியது.

அடக்குமுறையும் எதிர்ப்பும்

அரசின் தொடக்க நடவடிக்கைகள் நோய் பற்றிய அக்காலப் புரிதலிலிருந்து பிறந்தவை. அழுக்கு, ஈரம், காற்றோட்டமின்மை ஆகியவற்றில் நோய் உறைகிறது என்றும், கட்டடமும் அது நிற்கும் மண்ணுமே நோயின் இருப்பிடங்கள் என்றும் நம்பப்பட்டது. சாக்கடைகளில் கடல்நீரும் கிருமிநாசினியும் பாய்ச்சப்பட்டன. வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடிக்கப்பட்டது. வெளிச்சம் புக வேண்டும் என்று கூரை ஓடுகள் பிரிக்கப்பட்டன. மனிதர் வாழத் தகுதியற்றவை எனக் கருதப்பட்ட வீடுகளின்மீது அப்பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள் மூன்றும் எழுதப்பட்டன. நோயுற்றோர் வலிந்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். 1896 அக்டோபரில் ஆர்தர் சாலை மருத்துவமனையை ஆலைத் தொழிலாளர் தாக்கியதன் பின்னணி இதுவே.

1897 பிப்ரவரியில் இயற்றப்பட்ட கொள்ளைநோய்ச் சட்டம் அரசுக்கு விரிந்த அதிகாரத்தை அளித்தது. அடுத்த திங்களில் படைத்தளபதி கேட்டக்கரின் தலைமையில் அமைந்த பிளேக் குழு வீடுதோறும் சோதனை நடத்தியது. இக்கடுமைக்குப் பன்னாட்டு நெருக்கடியும் ஒரு காரணம். 1897இல் வெனிஸ் நகரில் கூடிய பன்னாட்டுச் சுகாதார மாநாட்டில் இந்தியத் துறைமுகங்களின் நிலை ஆராயப்பட்டது. பம்பாய்ச் சரக்குகள் ஐரோப்பியத் துறைமுகங்களில் தடுக்கப்படலாம் என்ற அச்சம் ஆட்சியாளரையும் வணிகரையும் ஒருங்கே ஆட்கொண்டிருந்தது. 1898 மார்ச்சில் நெசவாளர் மிகுந்த மதன்புரா வட்டாரத்தில் வெடித்த கலவரத்திற்குப் பின்னரே வலிந்த சோதனைகள் படிப்படியாகத் தளர்த்தப்பட்டன. மக்களின் உடலின்மீது செலுத்திய அதிகாரம் எதிர்ப்புக்கு உள்ளான நிலையில், அரசின் பார்வை கட்டடங்களின்மீதும் தெருக்களின்மீதும் திரும்பியது.

மேம்பாட்டு டிரஸ்டின் தோற்றம்

ஆளுநர் சாண்ட்ஹர்ஸ்ட் பிரபுவின் காலத்தில், 1898ஆம் ஆண்டின் நான்காம் சட்டத்தின்படி பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட் நிறுவப்பட்டது. புதிய சாலைகளை அமைத்தல், நெரிசலான பகுதிகளைத் திறந்துவிடுதல், நிலத்தைச் சீர்படுத்தி நகரை விரிவாக்குதல், ஏழை மக்களுக்கு உறைவிடம் அமைத்தல் ஆகியன அதன் பணிகள். மாநகராட்சி, வணிகக் கழகம், துறைமுக டிரஸ்ட், ஆலை உரிமையாளர் சங்கம் ஆகியவற்றின் பிரதிநிதிகளும் அரசின் அலுவலர்களும் நியமன உறுப்பினர்களும் அதில் இடம்பெற்றனர். வாடகைக்குக் குடியிருந்த உழைப்பாளருக்கு அதில் இடமில்லை. மீட்சியின் திசையை முடிவு செய்தோர் யார் என்பதற்கு இவ்வமைப்பே விடையாகிறது.

டிரஸ்டின் முதல் திட்டம் நாக்பாடாவை இலக்காகக் கொண்டது. தொடர்ந்து நகர மையத்தை ஊடறுத்துப் பெருஞ்சாலைகள் திட்டமிடப்பட்டன. கிர்காம் கடற்கரையிலிருந்து கிழக்கே டோங்ரி நோக்கிச் சாண்ட்ஹர்ஸ்ட் சாலையும், மேற்குக் கடலோரத்திலிருந்து காலபாதேவி நோக்கிப் பிரின்சஸ் தெருவும் அமைந்தன. இவ்விரண்டும் மேற்கிலிருந்து கிழக்காகச் செல்வது கருதத்தக்கது. அரபிக் கடலின் காற்றை நெரிசலான பகுதிகளுக்குள் செலுத்துவது அவற்றின் அறிவிக்கப்பட்ட நோக்கம். வணிகப் பகுதிகளுக்கும் துறைமுகப் பக்கத்திற்கும் அகன்ற வழி கிடைத்தது அவற்றின் உடன்விளைவு. பின்னர் வடதெற்காக அமைந்த முகமது அலி சாலை, கிராஃபோர்டு சந்தைப் பகுதியைப் பைகுல்லாவுடன் இணைத்தது.

இத்திட்டங்கள் செயலுக்கு வந்த காலத்திலேயே அவற்றின் மருத்துவ அடிப்படை ஆட்டங்கண்டது. பிளேக் எலித்தெள்ளின் வழியே பரவுகிறது என்பதை 1898இல் கராச்சியில் பால் லூயி சிமோன் சோதனை வாயிலாகக் காட்டினார். அக்காலத்து இந்தியப் பிளேக் ஆணையம் அதனை ஏற்கவில்லை. 1905இல் தொடங்கிய ஆய்வுகளே அக்கருத்தை உறுதிப்படுத்தின. கடற்காற்று பிளேக்கைத் தடுக்காது என்பது தெளிவான பின்னரும் சாலைத் திட்டங்கள் கைவிடப்படவில்லை. மருத்துவக் காரணம் வலுவிழந்தபோதும் வணிகக் காரணம் வலுவிழக்கவில்லை என்பது இதனால் புலனாகிறது.

இடிப்பும் உறைவிடமும்

டிரஸ்டின் செயற்பாட்டில் தொடக்கம் முதலே ஒரு முரண் அமைந்திருந்தது. நெரிசலைக் குறைக்க வீடுகள் இடிக்கப்பட்டன. இடிக்கப்பட்ட வீடுகளிலிருந்து வெளியேறியோர் வேலையிடத்தை விட்டு நெடுந்தொலைவு செல்ல இயலாதவர்கள். துறைமுகச் சுமைகூலியும் சந்தைத் தொழிலாளியும் நடந்து செல்லும் தொலைவிலேயே குடியிருக்க வேண்டியிருந்தது. எனவே அவர்கள் அண்டைத் தெருக்களில் புகுந்தனர். ஓரிடத்தில் குறைந்த நெரிசல் மற்றோரிடத்தில் மிகுந்தது, வாடகையும் உயர்ந்தது. நிலமும் கட்டடமும் கையகப்படுத்தப்பட்டபோது இழப்பீடு உரிமையாளரைச் சேர்ந்தது. குடியிருப்பை இழந்த வாடகைதாரருக்கு அத்தகைய உரிமை இல்லை.

அக்ரிபாடா முதலிய இடங்களில் டிரஸ்ட் சால் குடியிருப்புகளைக் கட்டியது உண்மையே. நீண்ட நடைவழியை ஒட்டி வரிசையாக அமைந்த ஓரறை வீடுகளும் பொதுக் கழிப்பிடங்களும் கொண்டவை அவை. பழைய கட்டடங்களைவிட அவற்றில் காற்றும் வெளிச்சமும் மிகுதி. ஆயின் தேவைக்கு அவை ஈடாகவில்லை. இடம்பெயர்ந்தோர் அனைவரும் அவற்றில் குடியேறவும் இல்லை.

பின்னாளில் டிரஸ்டின் தலைவராகப் பொறுப்பேற்ற ஜே. பி. ஓர் இக்குறையை உணர்ந்தார். அறைக்குள் வானொளி புகுவதற்கு 63½ பாகைக் கோண விதியை அவர் வலியுறுத்தினார். நெரிசலான பகுதிகளை நேரடியாக இடிப்பதைவிட, நகரின் வடபகுதியில் புதிய மனைகளை உருவாக்கி மக்களை அங்கு ஈர்ப்பதே பயன்தரும் என்பது அவர் நிலைப்பாடு. இக்கருத்து மாற்றம் டிரஸ்டின் கவனத்தை நகர மையத்திலிருந்து புறப்பகுதிகளுக்குத் திருப்பியது.

வடக்கு நோக்கிய விரிவாக்கமும் தமிழரும்

தாதர், மாட்டுங்கா, சயான் பகுதிகளின் திட்டங்கள் அகன்ற தெருக்களும் பூங்காக்களும் மனைப் பிரிவுகளுமாக உருப்பெற்றன. தாதரின் பார்சி காலனியும் இந்து காலனியும் இவ்விரிவாக்கத்தின் விளைவுகளே. நகர மையத்தின் அலுவலகங்களில் பணியாற்றிய எழுத்தர்கள், கணக்கர்கள், தட்டச்சர்கள் ஆகியோர் இப்பகுதிகளின் அடுக்ககங்களில் குடியேறி, அன்றாடம் இரயிலிலும் டிராமிலும் பணிக்குச் சென்று திரும்பினர். அவர்களுள் தமிழ் பேசும் தென்னிந்தியர் குறிப்பிடத்தக்க எண்ணிக்கையினர். மாட்டுங்கா அவர்களின் பண்பாட்டு மையமாக வளர்ந்தது. 1932இல் அங்குத் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியமை இக்குடியேற்றம் நிலைபெற்றதற்குச் சான்றாகும்.

மாட்டுங்காவை அடுத்த தாராவியில் தமிழரின் மற்றொரு வரலாறு உருவாகி வந்தது. அங்கிருந்த தோல் பதனிடும் தொழிலில் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து சென்ற முஸ்லிம்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் ஈடுபட்டனர். திட்டமிட்ட மனைப் பிரிவின் ஒழுங்கு அவர்களின் குடியிருப்பை எட்டவில்லை. ஒரே மொழியைப் பேசிய இரு மக்கட்பிரிவினர் அடுத்தடுத்து வாழ்ந்தும் ஒரு பிரிவினர் திட்டத்தின் உள்ளேயும் மற்றொரு பிரிவினர் அதன் வெளியேயும் நின்றனர். புலம்பெயர்வை மொழி அடிப்படையில் மட்டும் நோக்கும் ஆய்வுகள் இவ்வேறுபாட்டைத் தவறவிடக் கூடும். மாத ஊதியமும் கல்வியும் சாதியும் வாடகை செலுத்தும் திறனுமே திட்டத்தின் எல்லையை வரைந்தன.

மூன்று கால அளவுகள்

1901இல் 7,76,006ஆகக் குறைந்திருந்த மக்கள்தொகை, 1911இல் 9,79,445ஆக உயர்ந்தது. பிளேக் ஆண்டுதோறும் மீண்டும் மீண்டும் தோன்றிக்கொண்டிருந்த காலத்திலேயே இவ்வளர்ச்சி நிகழ்ந்தது. நோய் முற்றும் அகன்ற பின் நகரம் மீளவில்லை. நோயோடு வாழப் பழகியபடியே இயங்கத் தொடங்கியது. கிராமத்தில் பிழைப்பற்றவருக்கு நகரின் நோயைவிடப் பசி பெரிதாக இருந்ததும், ஆலைகளுக்கும் துறைமுகத்துக்கும் ஆள் தேவைப்பட்டதும் இதற்குக் காரணங்கள்.

இத்தரவுகளின் அடிப்படையில் பம்பாயின் மீட்சியில் மூன்று கால அளவுகளைப் பிரித்தறியலாம். வணிகமும் ஆலை உற்பத்தியும் சில ஆண்டுகளில் மீண்டன. நகர மையத்தின் தெரு அமைப்பு உருமாறச் சில பத்தாண்டுகள் தேவைப்பட்டன. உழைப்பாளரின் உறைவிடச் சிக்கலோ டிரஸ்டின் காலம் முழுவதும் தீரவில்லை. 1920இல் அரசு தனியே ஒரு வளர்ச்சித் துறையை நிறுவி, 50,000 ஓரறை வீடுகளைக் கட்டத் திட்டமிட்டு, ஏறத்தாழ 16,000 வீடுகளுடன் நிறுத்திக்கொண்டதே இதற்குப் போதிய சான்று. 1933இல் டிரஸ்ட் மாநகராட்சியுடன் முழுமையாக இணைக்கப்பட்டது.

இம்மாதிரி பிற நகரங்களிலும் பின்பற்றப்பட்டது. கல்கத்தாவுக்கு 1911இல் மேம்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. 1937இல் தில்லியிலும், 1940களில் சென்னையிலும் மேம்பாட்டு டிரஸ்டுகள் உருவாயின. பிளேக் மறைந்த பின்னரும் அதன் அச்சத்தில் பிறந்த நிர்வாக வடிவம் நிலைத்தது.

முடிவுரை

பம்பாய் மேம்பாட்டு டிரஸ்டை முழுத் தோல்வியாகக் கருதுவது பொருந்தாது. அது அமைத்த சாலைகள் இன்றும் மும்பையின் போக்குவரத்தைத் தாங்குகின்றன. அது வகுத்த மனைப் பிரிவுகள் நடுத்தர வகுப்பினருக்குத் தரமான வாழிடங்களாக அமைந்தன. ஆயினும் நோயால் மிகுதியாகத் துன்புற்றோர் அதன் பயனில் கடைசி இடத்தையே பெற்றனர். கட்டடத்தை நோயின் இருப்பிடமாகக் கண்ட பார்வை, அக்கட்டடத்தில் வாழ்ந்தவரின் கூலியையும் வேலையிடத்தையும் காணத் தவறியது இதற்கு அடிப்படைக் காரணம் எனலாம்.

1897ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டம் 2020இல் கோவிட் பெருந்தொற்றின்போது மீண்டும் பயன்படுத்தப்பட்டது. அவ்வாண்டும் தொழிலாளர் பெருந்திரளாக மும்பையை விட்டு வெளியேறினர். அதன்பின் உலகின் பெருநகரங்களில் நகர மையத்தின் மீட்சி அலுவலக வாடகை, கடை விற்பனை, பயணியர் எண்ணிக்கை ஆகியவற்றால் அளவிடப்பட்டு வருகிறது. இவை தேவையான அளவுகோல்களே. ஆனால் போதுமானவை அல்ல. வெளியேறியவர் எங்குத் திரும்பினர், என்ன வாடகையில் குடியேறினர், வேலையிடத்திலிருந்து எவ்வளவு தொலைவில் வாழ்கின்றனர் என்னும் தரவுகளையும் சேர்த்து நோக்கும்போதே மீட்சி என்னும் சொல் முழுப்பொருள் பெறும். பம்பாயின் வரலாறு வருங்கால நகர ஆய்வுகளுக்கு வழங்கும் அளவுகோல் இதுவாகும்.