பைட்டை எண்ணு, எழுத்தை அல்ல!

1983ல் 4.2 பி.எஸ்.டி. யுனிக்ஸோடு பரவிய சாக்கெட், பைட்டுகளை வரிசையாகத் தரும். பதில் எங்கே முடிகிறது என்று சொல்லாது. 1991ன் முதல் எச்.டி.டி.பி.யில் வெப் சர்வர் பக்கத்தை அனுப்பிவிட்டு இணைப்பை மூடிவிடும். அதுதான் முற்றுப்புள்ளி! பாதியில் மூடினாலும் முழுசாக வந்ததாகவே தோன்றும்.

1996ல் வெளியான 1.0 பதிப்பில் கன்டென்ட்-லெங்த் நீளத்தை முன்கூட்டியே சொன்னது. 1997ன் 1.1 பதிப்பு இணைப்பைத் திறந்தே வைத்ததால், அந்த எண் இன்னும் முக்கியமானது.

தமிழ்ப் பக்கங்கள் யுனிகோடுக்கு மாறியதும் புதுச் சிக்கல். "தருமபுரி" படிப்பவருக்கு 5 எழுத்து, யு.டி.எஃப்-8ல் 24 பைட். 5 பைட்டோடு நிறுத்தும் நிரல் "த"வை மட்டும் தந்து, அடுத்த எழுத்தை உடைத்துவிடும். ஊர்ப்பெயர் முழுசாக வர, பைட்டைத்தான் எண்ண வேண்டும்.