ஆரன் பர் தேசத்துரோக வழக்கும் (1807) நிர்வாக அதிகாரத்தின் எல்லையும்

முன்னுரை

1807-இல் வர்ஜீனியாவின் ரிச்மண்டு நகரில் நடைபெற்ற ஆரன் பர் மீதான தேசத்துரோக வழக்கு, அமெரிக்கக் குடியரசுத் தலைவருக்கு நீதிமன்றம் அழைப்பாணை விடுத்த முன்னுதாரணமாகவே பெரிதும் குறிப்பிடப்படுகிறது. எனினும், அவ்வழக்கில் நிர்வாகத்துறைக்கு உறுதியான எல்லையை வகுத்தது அழைப்பாணையன்று. தேசத்துரோகத்தை மெய்ப்பிக்க அரசமைப்புச் சட்டம் விதித்த சான்று நெறியே என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

நிர்வாகத்தின் அறிவிப்பு

1801 முதல் 1805 வரை துணைக் குடியரசுத் தலைவராக இருந்த பர், மேற்குப் பகுதிகளை ஒன்றியத்திலிருந்து பிரிக்கச் சதி செய்ததாக ஐயுறப்பட்டார். 1806 டிசம்பரில் கென்டக்கியில் கூடிய ஜூரர் குழு அவர்மீது குற்றஞ்சாட்ட மறுத்தது. ஆயினும், 1807 ஜனவரி 22 அன்று காங்கிரசுக்கு அனுப்பிய செய்தியில், அவரது குற்றம் ஐயத்திற்கு அப்பாற்பட்டது எனக் குடியரசுத் தலைவர் தாமஸ் ஜெபர்சன் அறிவித்தார். மறுநாள் செனட் அவை, ஆட்கொணர்வு உரிமையை மூன்று மாதங்களுக்கு நிறுத்திவைக்கும் மசோதாவை நிறைவேற்றியது. பிரதிநிதிகள் அவையோ 113-க்கு 19 என்ற வாக்குகளால் அதனை நிராகரித்தது.

அழைப்பாணை

தளபதி ஜேம்ஸ் வில்கின்சன் ஜெபர்சனுக்கு எழுதிய கடிதத்தைத் தம் தரப்பு வாதத்திற்காகப் பர் கோரினார். சுற்று நீதிமன்றத்தில் அமர்ந்து வழக்கை விசாரித்த தலைமை நீதிபதி ஜான் மார்ஷல், ஜூன் 13 அன்று அக்கோரிக்கையை ஏற்றார். தவறே இழைக்காதவராகக் கருதப்படும் மன்னரின் நிலை, தேர்ந்தெடுக்கப்பட்டுப் பதவி நீக்கத்திற்கும் உட்பட்ட குடியரசுத் தலைவருக்குப் பொருந்தாது என்பது அவர் வாதம். ஜெபர்சன் நேரில் வரவில்லை. ஆவணங்களை அரசு வழக்கறிஞர் ஜார்ஜ் ஹே வழியாக அனுப்பிய அவர், எவற்றை வெளியிடலாம் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை தமக்கே உரியது என வலியுறுத்தினார். இரு துறைகளும் தத்தம் நிலைப்பாட்டை விட்டுக்கொடுக்கவில்லை. பிணக்கு முடிவு காணாமலே நின்றது.

சான்று நெறி

அரசமைப்பின் மூன்றாம் உறுப்பு, தேசத்துரோகத்தைப் போர் தொடுத்தல், பகைவர்க்கு உதவுதல் என்ற அளவில் வரையறுத்து, ஒரே வெளிப்படைச் செயலுக்கு இரு சாட்சிகளை வேண்டுகிறது. அரசுத் தரப்பு காட்டிய செயல், 1806 டிசம்பர் 10 அன்று ஒகையோ ஆற்றின் பிளென்னர்ஹாசெட் தீவில் ஆட்கள் திரண்டதாகும். பர் அன்று அங்கே இல்லை. அச்சதியில் சேர்ந்தவர் தொலைவிலிருந்து சிறுபங்கு ஆற்றினும் துரோகியே என்னும் பொருளில், போல்மன் வழக்கில் மார்ஷலே முன்னர் உரைத்த கருத்தை அரசுத் தரப்பு துணைக்கொண்டது. ஆகஸ்டு 31 அன்று அக்கருத்தின் பொருளைச் சுருக்கி விளக்கிய மார்ஷல், அச்செயலையும் அதில் பர்ரின் பங்கையும் இரு சாட்சிகளால் மெய்ப்பிக்காமல் பிற சான்றுகளை அளிக்க இயலாது என்றார். மறுநாள், அளிக்கப்பட்ட சான்றுகளால் குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்று ஜூரர்கள் தீர்ப்பளித்தனர்.

முடிவுரை

குறைபாடு சாட்சியத்திலா, சட்டத்திலா, சட்டத்தைச் செயற்படுத்தியதிலா என்பதை ஆராயுமாறு, ஜெபர்சன் வழக்கு நடவடிக்கைகளைக் காங்கிரசின் முன் வைத்தார். அழைப்பாணைக் கோட்பாடு 1974-இல் நிக்சன் வழக்கில்தான் உச்ச நீதிமன்றத்தின் முழு வலிமையைப் பெற்றது. சான்று நெறியோ 1807-லேயே தன் பணியைச் செய்தது. பர் குற்றமற்றவரா என்பது இன்றும் விவாதத்திற்குரியது. ஆட்சித் தலைவரின் உறுதிப்பாடு சான்றாகாது என்பதே அவ்வழக்கு நிலைநாட்டிய எல்லையாகும்.